ஒயின் ஏன் எரியுது? வீவக வீட்டில் ஒயின் பரிமாறத் தெரிஞ்சுக்க வேண்டியவை

பேரங்காடியில் 30 வெள்ளி கொடுத்து ஒரு சிவப்பு ஒயின் வாங்குகிறீர்கள். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று எங்கோ படித்த ஞாபகம். புக்கிட் மேரா வீட்டில் நண்பர்கள் கூடியதும் திறந்து ஊற்றுகிறீர்கள்.

ஒரு வாய் குடித்ததும் நெடி மூக்கில் ஏறுகிறது. தொண்டை எரிகிறது. "என்னடா இது, பிராந்தி மாதிரி இருக்கு?"

ஒயினில் குறை இல்லாமல் இருக்கலாம். குறை அந்த 'அறை'யில்.

(சிங்கப்பூரில் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 18. இந்தக் கட்டுரை அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்வது இதன் நோக்கமல்ல.)

எந்த அறை?

'அறை வெப்பநிலை' என்ற பேச்சு ஐரோப்பாவில் பிறந்தது. வீட்டைச் சூடாக்கும் கருவிகள் பரவலாக வருவதற்கு முன்பு, அங்கே சாப்பாட்டு அறை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். நிலவறையின் குளிரிலிருந்து போத்தலை எடுத்துவந்து, அந்த அளவுக்கு ஏறவிட்டுக் குடித்தார்கள்.

நம்ம வீட்டு அறை அப்படியா? ஜன்னல் திறந்திருக்கும் வீவக வீட்டில் பகலில் 29, 30 டிகிரி சர்வசாதாரணம். குளிரூட்டியை 25இல் வைத்தாலும் ஒயினுக்கு அது சூடுதான்.

சூட்டில் என்ன நடக்கிறது? சாராயச் சத்து வேகமாக ஆவியாகி முதலில் மூக்கைத் தாக்குகிறது. பழ வாசனை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. புளிப்பு மங்கி, ஒயின் சப்பென்று கனமாகத் தெரிகிறது. அதையே ரொம்பக் குளிரவைத்தால் நேர்மாறு: வாசனை அடங்கிவிடும், சிவப்பு ஒயினில் துவர்ப்பும் கசப்பும் தூக்கலாகும்.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. நுரைக்கும் ஒயின் 6 முதல் 8 டிகிரி. வெள்ளை, ரோசே 8 முதல் 12. மெல்லிய சிவப்பு 12 முதல் 14. கனமான சிவப்பு 16 முதல் 18. வீட்டில் வெப்பமானி எல்லாம் வேண்டாம். கையால் தொட்டால் சிவப்பு ஒயின் போத்தல் 'ஜில்' என்று இல்லாமல் 'குளுகுளு' என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அரை மணி நேரம் போதாது

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 'சிவப்பு ஒயினை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்' என்று நிறைய குறிப்புகள் சொல்கின்றன. அது 21 டிகிரி அறைக்கு எழுதப்பட்ட கணக்கு. போத்தல் 21இலிருந்து 17க்கு இறங்கினால் போதும்.

நம் வீட்டில் அது 29இலிருந்து 17க்கு இறங்க வேண்டும். சாதாரண ஃபிரிட்ஜில் அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். வெள்ளை ஒயின் சரியான குளிர்ச்சிக்கு வர மூன்று நான்கு மணி நேரம். காலையிலேயே உள்ளே வைத்துவிடுவது நல்லது. இரவு விருந்தின்போது எடுத்து, ஐந்து பத்து நிமிடம் வெளியே வைத்தால் சரியாக இருக்கும்.

விருந்தினர் லிஃப்ட்டில் ஏறிவிட்டார்கள், போத்தல் இன்னும் மேசையில் இருக்கிறது என்றால்? ஒரு வாளி எடுங்கள். பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. தண்ணீர் முக்கியம். ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கு நடுவில் காற்று நிற்கும், போத்தலைக் குளிர் முழுசாகத் தொடாது. தண்ணீர் சேர்ந்தால் எல்லாப் பக்கமும் தொடும். உப்பு, நீர் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்கும். போத்தலைக் கழுத்துவரை மூழ்கவைத்தால் சிவப்பு பத்து நிமிடத்தில் தயார், வெள்ளை இருபது இருபத்தைந்து நிமிடத்தில்.

உறைபெட்டியில் வைப்பவர்கள் கைப்பேசியில் அலாரம் வச்சிடுங்க. மறந்துபோனால் ஒயின் உறைந்து விரியும். தக்கை வெளியே தள்ளப்படும், நுரைக்கும் ஒயின் என்றால் கண்ணாடியே வெடிக்கலாம்.

கோப்பையில் ஒரு ஐஸ் கட்டி போட்டால் குற்றமா? விலை குறைந்த ஒயின், வியர்க்கும் மதியம் என்றால் தாராளமாகப் போடுங்கள். யாராவது முகம் சுளித்தால் அது அவர்களின் பிரச்சினை. நீர்த்துப்போவது பிடிக்கவில்லை என்றால், விதையில்லாத திராட்சையை உறையவைத்துப் போடலாம்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். புக்கிட் மேராவை ஒட்டிய அலெக்ஸாண்ட்ரா ரோட்டில் 1930களில் இரண்டு பீர் ஆலைகள் தொடங்கின. ஒன்று டைகர் பீர் செய்த மலாயன் புரூவரிஸ், இன்னொன்று ஆங்கர் பீர் செய்த ஆர்க்கிபெலகோ. அங்குள்ள ஆங்கர்பாயிண்ட் கடைத்தொகுதியின் பெயரில் அந்தப் பீர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பீரை ஜில்லென்று குடிக்க வேண்டும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ஒயின் என்றதும் மட்டும் ஐரோப்பாவின் குளிர்கால அறையைக் கற்பனை செய்துகொள்கிறோம்.

இத்தனைக்கும் தமிழருக்கு ஒயின் புதுசு இல்லை. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து ஒயின் வந்த ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாடல் யவனர் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் பேசுகிறது. அந்தத் தேறலுக்குப் புலவர் நக்கீரர் சொல்லும் சிறப்பு இரண்டு: மணம், குளிர்ச்சி.

விலையில் எவ்வளவு ஒயின்?

சிங்கப்பூரில் ஒயினுக்கு வரி அதன் விலையை வைத்து இல்லை. அதிலுள்ள சாராயத்தின் அளவை வைத்து. ஒரு லிட்டர் சாராயத்துக்கு 88 வெள்ளி. 2014 வரவுசெலவுத் திட்டத்தில் 70இலிருந்து இந்த அளவுக்கு ஏறியது.

750 மில்லிலிட்டர் போத்தல், 13 விழுக்காடு சாராயம் என்று வைத்துக்கொள்வோம். தீர்வை மட்டும் 8 வெள்ளி 58 காசு. போத்தல் 20 வெள்ளியோ 200 வெள்ளியோ, இது மாறாது. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 வெள்ளி போத்தலில் தீர்வையும் பொருள் சேவை வரியும் போக மிஞ்சுவது சுமார் 9 வெள்ளி 77 காசு. திராட்சை, போத்தல், கப்பல் செலவு, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்குள். 30 வெள்ளி போத்தலில் மிஞ்சுவது சுமார் 18 வெள்ளி 94 காசு. கூடுதலாகக் கொடுத்தது பத்து வெள்ளி, ஒயினுக்குப் போவது கிட்டத்தட்ட இரு மடங்கு. மாதம் இரண்டு மலிவு போத்தல் வாங்குகிறவர் ஒன்றாகக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் மேலே போவது வாய்க்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. 30இலிருந்து 100க்குப் போனால் அதே வேகத்தில் சுவை கூடும் என்று மட்டும் நம்பிவிடாதீங்க. பேர், ஊர், அரிதான ஆண்டு என்று பணம் வேறு எங்கெங்கோ போகும்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது 2 லிட்டர் வரை தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வரும் பயணமாக இருக்கக்கூடாது. ஜொகூர் பாருவுக்கு ஒரு நடை போய்விட்டு வந்து 'எனக்கும் சலுகை உண்டுதானே' என்று கேட்க முடியாது.

வாங்கியதை எங்கே வைப்பது? சமையலறை மேல் அலமாரி வேண்டாம். ஃபிரிட்ஜின் தலைமேல் வேண்டவே வேண்டாம். மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலோரமும் அப்படித்தான். 30 டிகிரியில் வாரக்கணக்கில் நின்ற ஒயின் வெந்துபோன ஜாம் போல ஆகிவிடும். பூட்டிய காரின் பின்பெட்டி அதைவிட மோசம். நீண்டகாலம் வைக்க 12 முதல் 14 டிகிரி தேவை, அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. இந்த வாரம் குடிக்கப்போவதை இந்த வாரம் வாங்குங்கள். சில வாரம் தள்ளிப்போனால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு போதும்.

திறப்பது, ஊற்றுவது, ஆற்றுவது

திருகுமூடி என்றால் மலிவு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நல்ல ஒயின்கள்கூடத் திருகுமூடியில்தான் வருகின்றன. தக்கையில் ஒரு ஆபத்து உண்டு: சில சமயம் அதிலுள்ள ஒரு ரசாயனம் ஒயினில் இறங்கி, நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். அப்படி வந்தால் ஒயின் கெட்டது, உங்கள் மூக்கு அல்ல. ரசீது இருந்தால் கடையில் கேட்டுப் பாருங்கள். உணவகத்தில் பணியாளர் முதலில் கொஞ்சம் ஊற்றி உங்களைப் பார்ப்பதும் இதற்குத்தான். 'பிடிச்சிருக்கா' என்று அவர் கேட்கவில்லை, 'கெட்டுப்போகலையே' என்றுதான் கேட்கிறார்.

நுரைக்கும் ஒயினில் கவனம் தேவை. ஷாம்பேன் போத்தலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு. கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து தக்கை மேல் கை இருக்க வேண்டும். போத்தலைச் சாய்த்துப் பிடித்து, தக்கையை அசைக்காமல் போத்தலைத் திருப்புங்கள். 'டப்' என்று வெடிக்க வேண்டாம், 'உஸ்' என்றால் போதும். மேலே மின்விசிறி ஓடுகிறதா, எதிரே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சூடான போத்தல் அதிகமாகப் பொங்கும். ஆக இதற்கும் குளிர்ச்சிதான் மருந்து.

விலையுயர்ந்த கோப்பை வேண்டுமா? இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுத்தமான கண்ணாடி டம்ளர் போதும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றணும். கஞ்சத்தனம் இல்லை இது. மேலே வெற்றிடம் இருந்தால்தான் வாசனை தங்கும், கொஞ்சமாக ஊற்றினால்தான் நம் ஊர்ச் சூட்டில் அது கோப்பையிலேயே வெதுவெதுப்பாகாது. மீதி போத்தல் குளிரிலேயே இருக்கட்டும்.

கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும் முன் அந்தக் காலிக் கோப்பையை மோந்து பாருங்க. பாத்திரம் துலக்கும் திரவத்தின் வாடையோ ஈரத் துணியின் வாடையோ இருந்தால் எந்த ஒயினும் தோற்றுவிடும். சாம்பிராணி போட்ட கையோடும், தாளிப்பு புகையோடும் ஒயினை ரசிக்க முடியாது. விளக்கேற்றி முடித்து, சமையலறை அடங்கிய பிறகு திறங்க.

இளம் சிவப்பு ஒயின் சில நேரம் இறுக்கமாக, துவர்ப்பாக இருக்கும். காற்றுப் பட்டால் தளரும். அதற்கென்று விற்கும் கண்ணாடிக் குடுவைகள் அழகுதான். ஆனால் டீ ஆற்றத் தெரிந்தவருக்கு அது எதற்கு? ஒரு சுத்தமான தண்ணீர் ஜக்கில் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். அவசரம் என்றால் இரண்டு ஜக்குக்கு இடையில் இரண்டு மூன்று தடவை ஆற்றுங்கள், தே தாரேக் போல. பழைய, விலைமதிப்புள்ள ஒயினை மட்டும் அப்படிச் செய்யாதீங்க. ஜக்கையும் ஃபிரிட்ஜுக்குள் வைக்கலாம்.

துவர்ப்பு என்று சொன்னோம். ஒயின் உலகம் 'டேனின்' என்று பெரிய சொல்லாக வைத்திருப்பது அதைத்தான். பாக்கு, வாழைப்பூ, கடும் கட்டன்சாயா குடித்தபின் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அதுதான். அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாக வைத்த மொழியில் இதை விளக்குவது சுலபம்.

காரச் சாப்பாட்டோடு ஒயின் போகுமா?

போகும். எந்த ஒயின் என்பதில்தான் விஷயம்.

மிளகாயின் காரம் ஒரு சுவை அல்ல. மிளகாயிலுள்ள கேப்சைசின், வாயில் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. சாராயமும் அதே நரம்புகளைத் தூண்டும். ஆக 15 விழுக்காடு சாராயமுள்ள கனத்த சிவப்பு ஒயினைக் காரமான மட்டன் குழம்போடு குடித்தால் என்ன ஆகும்? எரியும் நெருப்பில் எண்ணெய். போதாக்குறைக்குத் துவர்ப்பு வேறு வாயைச் சொரசொரப்பாக்கும்.

காரத்துக்கு வேண்டியது மூன்று: குறைந்த சாராயம், கொஞ்சம் இனிப்பு, நல்ல குளிர்ச்சி. லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் முதல் தேர்வு. லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேர்போன மீன் தலைக் கறியோடு அது அருமையாகப் போகும். அந்தக் கறியில் புளி இருக்கிறது. புளிப்பான சாப்பாட்டுக்கு அதே அளவு புளிப்புள்ள ஒயின் வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் தண்ணீர் போல இருக்கும். ரீஸ்லிங்கில் இனிப்பும் உண்டு, புளிப்பும் உண்டு. ரசம், புளிக்குழம்பு வகைகளுக்கு சாவினோன் பிளாங்க்கும் சரிவரும்.

மொஸ்காட்டோவைச் சிலர் 'குழந்தைங்க ஜூஸ்' என்று ஒதுக்குவார்கள். இத்தாலியின் மொஸ்காட்டோ டி ஆஸ்தியில் சுமார் 5 விழுக்காடுதான் சாராயம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஞாபகம் இருக்கிறதா? தேக்காவில் வாங்கி வந்தால் வீடு முழுக்க மணக்குமே. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான். மொஸ்காட்டோ கோப்பையை மோந்தால் வரும் மணம் உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்ததாக இருக்கலாம். காரமான சிக்கன் 65 ஒரு கையில், ஜில்லென்ற மொஸ்காட்டோ இன்னொரு கையில். செய்து பாருங்கள். சாராயம் குறைவு என்பதால் அதற்குத் தீர்வையும் குறைவு.

சிவப்புதான் வேண்டும் என்றால் துவர்ப்பு குறைந்த காமே, பினோ நுவார், கிரெனாஷ் வகைகளைக் கொஞ்சம் குளிரவைத்துக் கொடுங்கள். பிரியாணிக்கும் இவை பொருந்தும்.

ஷிராஸுக்கு ஒரு சிறப்பு உண்டு. சில ஷிராஸ் ஒயின்களில் மிளகு வாசனை வரும். அது வெறும் உவமை இல்லை. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த வாசனைக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற சேர்மத்தைக் கண்டுபிடித்தார்கள். மிளகிலும் இருப்பது அதே சேர்மம். எனவே மிளகாய் அதிகமில்லாத மிளகுக் கறி, மிளகு நண்டு போன்றவற்றுக்கு ஷிராஸ் சொந்தக்காரன். இன்னொரு விஷயம்: அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லை. நீங்கள் 'மிளகு மணக்குது' என்று சொல்லும்போது பக்கத்திலிருப்பவர் முழித்தால் அவரைக் கிண்டல் பண்ணாதீங்க. அவருடைய மூக்கு அப்படி.

ரெட்ஹில், ஏபிசி பிரிக்வொர்க்ஸ் போன்ற உணவங்காடி நிலையங்களிலிருந்து வாங்கிவரும் பொரித்த உணவுக்கு நுரைக்கும் ஒயின் நன்றாக இருக்கும். நுரையும் புளிப்பும் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடும். சாத்தேக்கும் கடலைக் குழம்புக்கும் ரோசே. உணவகத்துக்கு உங்கள் போத்தலைக் கொண்டுபோவதென்றால் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். திறந்து பரிமாறத் தனிக் கட்டணம் வாங்குவார்கள், சில இடங்களில் அனுமதியே இல்லை.

குடிக்காதவர்கள் வீட்டில் இருக்கும்போது

தமிழ்க் குடும்பங்களில் ஒயின் ஒரு பானம் மட்டுமல்ல. பெரியப்பா பார்த்தால் என்ன நினைப்பார், அம்மாயி மனசு சங்கடப்படுமோ என்ற கேள்வியும் கூடவே வரும். சில வீடுகளில் குடி செய்த சேதம் இன்னும் ஆறாமல் இருக்கும். அதனால் ஒருவர் வீட்டுக்கு ஒயினைப் பரிசாகக் கொண்டுபோவதற்கு முன், "அண்ணே, ஒயின் கொண்டு வரலாமா, வேற ஏதாவது வாங்கிட்டு வரவா?" என்று கேட்டுவிடுவது மரியாதை.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு தகவல். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை போன்றவற்றைப் பயன்படுத்துவது உண்டு. பெரும்பாலும் அது ஒயினில் தங்காது, ஆனால் பலருக்கு அது முக்கியமான விஷயம். 'வீகன்' என்று குறித்த போத்தலை வாங்கினால் கவலை இல்லை.

சமையலில் ஒயின் ஊற்றினால் சாராயம் எல்லாம் ஆவியாகிவிடும் என்பது உண்மையல்ல. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்த பிறகும் சுமார் 40 விழுக்காடு மிஞ்சும். இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 விழுக்காடு இருக்கும். முஸ்லிம் நண்பர்களும், கர்ப்பிணிகளும், குடியை விட்டவர்களும் சாப்பிட வருகிறார்கள் என்றால் அந்தக் குழம்பில் ஒயின் சேர்க்காதீர்கள். சேர்த்திருந்தால் சொல்லிவிடுங்கள்.

குடிக்காதவருக்கும் நல்ல கோப்பையில் நல்லதாக ஏதாவது கொடுங்கள். எலுமிச்சையும் புதினாவும் போட்ட சோடா, நன்னாரி சர்பத், குளிர்ந்த ஊலோங் டீ. எல்லாருக்கும் கண்ணாடிக் கோப்பை, அவருக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் என்று வைக்காதீங்க. 'ஒரு வாய்தானே' என்று ஒருவரையும் வற்புறுத்த வேண்டாம். வேண்டாம் என்றவரிடம் காரணமும் கேட்க வேண்டாம்.

எவ்வளவு ஊற்றுகிறோம்?

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் கணக்கில் ஒரு 'அளவு' மது என்பது 10 கிராம் சாராயம். ஒயினில் அது 100 மில்லிலிட்டர், அரைக் கோப்பை. குடிப்பவர்களுக்கு அது சொல்லும் வரம்பு: ஆண்கள் நாளுக்கு இரண்டு அளவுக்கு மேல் வேண்டாம், பெண்கள் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இப்போது போத்தலைப் பாருங்கள். 750 மில்லிலிட்டர், 13 விழுக்காடு. அதில் சுமார் 77 கிராம் சாராயம், அதாவது ஏழரை அளவுக்கு மேல். 'ரெண்டு பேரும் ஒரே ஒரு பாட்டில்தான் குடிச்சோம்' என்றால் ஆளுக்கு நான்கு அளவு கிட்ட. ஆணுக்கு இரு மடங்கு, பெண்ணுக்கு நான்கு மடங்கு. ஒரு போத்தலை ஆறேழு பேர் பகிர்ந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

'தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று யாராவது சொன்னால்? உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது: உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. ருசிக்காகக் குடிக்கிறோம் என்றால் அது நேர்மையான காரணம். மருந்து என்று சொல்லிக் குடிக்க வேண்டாம்.

ஒரு வாய் குடித்ததும் சிலருக்கு முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். சீன, ஜப்பானிய, கொரிய வம்சாவளியினரிடம் இது அதிகம். சாராயம் உடைந்து வரும் நச்சுப்பொருளை அகற்றும் நொதி அவர்கள் உடலில் சரியாக வேலை செய்யாததே காரணம். 'பழகினா சரியாயிடும்' என்பது ஆபத்தான அறிவுரை. அவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் கூடும்.

ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் அளவு சாராயத்தைத்தான் கையாளும். கோப்பியோ, மோரோ, குளியலோ அதை வேகப்படுத்தாது. வாகனம் ஓட்டுவோருக்கான சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். அதை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டுக் காரை எடுக்காதீர்கள். ரெட்ஹில், தியோங் பாரு எம்ஆர்டி நிலையங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. கடைசி ரயில் போய்விட்டால் வாடகைக் கார்.

எங்கே, எப்போது கூடாது?

2015 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக்கூடாது. கடைகளும் அந்த நேரத்தில் எடுத்துச்செல்ல மது விற்கக்கூடாது. அந்த நேரத்தில் பொது இடத்தில் குடிப்பவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம். வீட்டுக்குள் குடிப்பதற்குத் தடை இல்லை. ஆனால் புளோக்கின் கீழ்த்தளம் பொது இடம். பத்தரைக்கு மேல் 'கீழே காத்தாட உக்காந்து மிச்சத்தை முடிப்போம்' என்று கோப்பையோடு இறங்கினால் சிக்கல்.

லிட்டில் இந்தியாவில் விதி இன்னும் கடுமை. அங்கே சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. பொது விடுமுறைக்கு முந்திய நாள் மாலை 7 மணியிலிருந்தும் அப்படித்தான். 2013 டிசம்பர் 8ஆம் தேதி அங்கே பேருந்து மோதித் தமிழகத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. மதுவும் அதைத் தீவிரமாக்கியது என்று விசாரணைக் குழு கூறியது. புக்கிட் மேரா வீட்டில் நாம் யோசிக்காமல் திறக்கும் போத்தலுக்கு இப்படி ஒரு பின்னணி உண்டு. தனி அறையும் வரவேற்பறையும் உள்ளவருக்கு இந்த விதி பெரிதாகத் தெரியாது. விடுதியில் தங்கி, ஞாயிறன்று மட்டும் தேக்காவுக்கு வரும் அண்ணன்மாருக்கு அது வேறு மாதிரி.

மிச்சம் என்ன செய்வது?

முடித்தே ஆகணும் என்று குடிக்காதீங்க. மூடியைத் திருகி அல்லது தக்கையை அழுத்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். சிவப்பும் ஃபிரிட்ஜில்தான், வெளியே வைத்தால் நம் சூட்டில் ஒரே நாளில் போய்விடும். வெள்ளையும் சிவப்பும் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். நுரைக்கும் ஒயினுக்கு அதற்கென்றே விற்கும் இறுக்கமான மூடி வேண்டும், அப்போதும் ஒன்றிரண்டு நாள்தான். வாயில் வெள்ளிக் கரண்டி செருகினால் நுரை நிற்கும் என்பது கதை.

புளித்துப்போனால் ஊற்றிவிடலாம். நன்றாக இருக்கும்போதே ஐஸ் தட்டில் உறையவைத்தால் சமையலுக்கு உதவும்.

காலிப் போத்தலைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். பத்தாவது மாடியிலிருந்து விழும் கண்ணாடி கீழே சுத்தம் செய்பவரின் கையைக் கிழிக்கும். 10 காசு திரும்பக் கிடைக்கும் திட்டம் பிளாஸ்டிக், உலோகக் கலன்களுக்குத்தான். கண்ணாடிப் போத்தலை ஒரு முறை அலசி, மூடியைக் கழற்றி, புளோக் கீழே இருக்கும் நீல நிறத் தொட்டியில் போடுங்கள்.